எட்டுப் பேருக்கும் ஒரே ரோஜாத் தோட்டம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷங்களாக மனசுக்குள் இழுபறி. இரண்டு தடவை நோட்டைத் திறந்து, பிள்ளையார் சுழி போட்டு, அப்படியே மூடி வைத்துவிட்டேன். சோம்பல் இல்லை, வெட்கம். சங்கரன்கோவிலில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. 'அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சார் எட்டுப் பேரை ஒரே நாளில் வெளிநாட்டு வேலைக்குத் தேற வைத்தவர்' என்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசையில் இடம் பிடித்துத் தருகிற அளவுக்கு அந்தப் பேச்சு எனக்கு மரியாதை வாங்கித் தந்திருக்கிறது. நானும் மறுத்தது இல்லை. சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் அந்த எட்டுப் பேரையும் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்ப இருந்தவனும் நான்தான். அந்தப் பிள்ளைகள் பெரிய மனசு பண்ணி வெளியே சொல்லவில்லை.

இப்போது எழுதக் காரணம் நீங்கள்தான். என் வகுப்பை எடுத்து நடத்துகிற உங்களில் ஒருவர், அந்தத் தங்கச்சி, போன மாதம் ஒரு கட்டுத் தாளோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"சார், இந்த இருபது தாளையும் கொஞ்சம் பாருங்க. சுயஅறிமுகம் எழுதிட்டு வாங்கன்னு சொன்னேன். இருபது பேரும் சவாலான வேலையில சேர ஆசப்படுதாங்க."

"நல்லதுதானேம்மா."

"என்ன நல்லது சார்? எல்லாரும் போன்ல இருக்க ஏ.ஐ.ட்ட கேட்டு வாங்கிட்டு வந்துருக்காங்க. ஒரு எழுத்து மாறல. இதுல ஒருத்தன் ஒம்பது மணிக்கு முன்னால எந்திச்சதே கிடையாது."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயந்திரம் கோயிலுக்குப் போய் கோமதியம்மாள் சந்நிதியில் நின்றபோது, இனி மறைத்து வைக்கக் கூடாது என்று தோன்றியது. தப்பை முதலில் செய்தவன் சொல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் அதைப் புதுத் தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் படிப்பு உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு சரி. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். தாலுகா ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து மனு டைப் அடித்தவன். பட்டா மாற்ற, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, மயானப் பாதை கேட்க, எல்லா மனுவும் ஒரே மாதிரித்தான் முடியும்: 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு' என்று போட்டு, அதற்குப் பின்னால் வேலையைச் சொல்ல வேண்டும். டு இஷ்யூ, டு டிரான்ஸ்ஃபர், டு என்கொயர். அந்த 'டு'வுக்குப் பின்னால் வருகிற வினைச்சொல்லில் காலம் ஒட்டக் கூடாது, 'இங்' ஒட்டக் கூடாது, அதை மொட்டையாகத்தான் வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆயிரம் தடவை அடித்து அடித்து விரல் கற்றுக்கொண்டது. இன்ஃபினிட்டிவ் என்று அதற்குப் பெயர் இருப்பதே பிறகுதான் தெரிந்தது.

வகுப்பு ஆரம்பித்தபோது எனக்கு நன்றாகத் தெரிந்த இலக்கணம் அது ஒன்றுதான். அதனால் அதையே முதுகெலும்பாக வைத்துப் பத்து வாக்கியம் கொண்ட ஒரு தாள் தயாரித்தேன். யார் இன்டர்வியூவுக்குப் போனாலும் அந்தத் தாளை மனப்பாடம் செய்ய வேண்டும். 'ஐ வாண்ட் டு ஒர்க் இன் யுவர் கம்பெனி.' 'மை எய்ம் இஸ் டு சர்வ் பீப்புள்.' 'ஐ கெட் அப் அட் ஃபைவ் டு ரீட் தி நியூஸ்பேப்பர்.' நாலாவது வாக்கியம் பொழுதுபோக்கு பற்றியது: 'ஐ லைக் டு குரோ ரோசஸ் இன் மை கார்டன்.' என் தோட்டத்தில் ரோஜா வளர்க்க எனக்குப் பிடிக்கும் என்று அர்த்தம். எங்கள் பக்கம் மல்லிகையும் பிச்சியும் போடுகிறவர்கள் நிறைய உண்டு, ரோஜா போட்டவனை நான் பார்த்ததில்லை. வாய்க்குச் சுலபமாக இருந்தது, போட்டுவிட்டேன்.

பனவடலிசத்திரத்திலிருந்து முப்பிடாதி என்று ஒரு பையன் வருவான். இருபத்திரண்டு வயது, வாயாடி. அவன்தான் கேட்டான்.

"சார், எங்க வீட்டுல தோட்டமே கிடையாது. வாசல்ல ஆடு கட்டிக் கெடக்கு. ரோசு வளக்கேன்னு சொன்னா பொய்யாயிராதா?"

"ஏலே, இது இலக்கணம். இதுல பொய்யும் கெடையாது, மெய்யும் கெடையாது. டு-வுக்குப் பின்னால குரோ வந்துச்சா, அம்புட்டுதான்."

தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வகுப்புக்கு வருகிற ஆள் நான். அப்படிச் சொல்லலாமா? சொன்னேன். அப்போது உறுத்தவே இல்லை. ஏனென்றால் தாள் வேலை செய்தது. இந்த மாதம் ஒருவர், இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் என்று தனித்தனியாகப் போனார்கள், கடகடவென்று ஒப்பித்தார்கள், சிலர் தேறினார்கள். தனித்தனியாகப் போகிறவரைக்கும் ஒருவன் தோட்டம் இன்னொருவனுக்குத் தெரியாது அல்லவா.

அப்புறம் அந்த அறிவிப்பு வந்தது. வளைகுடாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணி துவைக்கிற பிரிவுக்கும் துப்புரவுப் பிரிவுக்கும் ஆள் எடுக்கிறார்கள், இன்டர்வியூ நம் ஊரிலேயே, ஒரு கல்யாண மண்டபத்தில் என்று ஏஜென்ட் சொன்னார். என் வகுப்பிலிருந்து எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருவர் கடையநல்லூர் செய்யதலி.

செய்யதலியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று அந்தரத்தில் தொங்கியது அவருடைய காரியம்தான். தறிக்காரர். தம்பிகள் இரண்டு பேரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, வாப்பாவையும் உம்மாவையும் பார்த்துக்கொண்டு ஊரில் நின்றவர். பெற்றவர்கள் இருவரும் காலமான பிறகுதான் அவருக்கு முறை வந்தது. அதற்குள் வயது ஏறிவிட்டது. மூன்று இன்டர்வியூவுக்குப் போய், மூன்றிலும் இங்கிலீஷில் தோற்றுத் திரும்பியிருந்தார். இந்த ஆஸ்பத்திரியில் நாற்பது தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அவருக்கு நாற்பது முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. இது போனால் பிறகு இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தினமும் பஸ்ஸில் வரும்போது தாளை மடியில் விரித்து வைத்து முணுமுணுத்துக்கொண்டே வருவார். பத்து வாக்கியம் மனசில் நிற்க அவருக்கு ஆறு வாரம் ஆயிற்று. ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வீட்டுல சொல்லிப் பாத்தேன் சார். அவ கேக்குதா, 'கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு முழம் பூ வாங்கித் தரல, தோட்டமே வச்சிருக்கீங்களாக்கும்'னு."

"நீரு என்ன சொன்னீரு?"

"வேல கெடைக்கட்டும், தோட்டத்தயே வாங்கித் தாரேன்னுட்டேன்."

இன்டர்வியூ அன்று காலையில் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, புற்றுமண் பிரசாதம் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். செய்யதலி, "நான் விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு துவா கேட்டுட்டுத்தான் சார் வந்திருக்கேன், இருந்தாலும் உங்க கையால தாரீக" என்று வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி நடக்கிற ஹாலில்தான் இன்டர்வியூ. கேள்வி கேட்க வந்தது ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை மாதிரி ஒரு வெளிர் நிறச் சேலை, மூக்குக் கண்ணாடி, சிரிப்பு இல்லாத முகம். ஏஜென்ட் எங்களிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தார்: "அந்தம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. பாத்துப் பேசுங்க."

முதலில் மாடசாமி போனான். ஐந்து நிமிஷத்தில் பல் தெரிய வெளியே வந்தான். "சார், பத்தும் சொல்லிட்டேன். ஒரு எடத்துலயும் திக்கல." தோளில் தட்டிக் கொடுத்தேன். இரண்டாவது போனவனும் அப்படியே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது முப்பிடாதி. போன வேகத்திலேயே வந்தான், முகம் வெளுத்திருந்தது.

"என்னலே, மறந்துட்டியா?"

"நான் மறக்கல சார். ஐ லைக் டுன்னு ஆரம்பிச்சேன், மிச்சத்த அந்தம்மாவே சொல்லி முடிச்சிட்டாவ. குரோ ரோசஸ் இன் மை கார்டன்னு. இப்ப உங்களக் கூப்பிடுதாவ."

தம்பிகளே, தங்கைகளே, அந்தப் பந்தி ஹாலின் வாசலிலிருந்து மேஜை வரைக்கும் முப்பதடி இருக்கும். அதை நடந்து முடிக்கிறதற்குள் என் பத்து வாக்கியமும் பத்துப் பேராக வந்து என் எதிரே நின்ற மாதிரி இருந்தது.

அந்த அம்மா இங்கிலீஷில்தான் பேசினார். நிதானமாக, சத்தம் போடாமல். "மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே நோக்கம், மூன்று பேரும் ஐந்து மணிக்கு எழுந்து பேப்பர் படிக்கிறார்கள், மூன்று பேரும் ரோஜா வளர்க்கிறார்கள். வெளியே இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களும் ரோஜாதானா? அப்படியானால் எட்டு ஃபைலையும் மூடிவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறேன். நீங்கள்தான் ஆசிரியரா? இது என்ன?"

நான் வாயைத் திறக்குமுன் ஏஜென்ட் என் காதருகே குனிந்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் நன்றாகவே கேட்கிற மாதிரித்தான் சொன்னார்:

"சார், சங்கரன்கோவில் ரோசாவுக்குப் பேர்போன ஊரு, வீட்டுக்கு வீடு ரோசாத் தோட்டம்னு அடிச்சு விடுங்க. அவங்க என்ன வயக்காட்டுல போயா பாக்கப் போறாங்க."

பொய் சொல்லக் கூடாது என்று எழுதுவது சுலபம். அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஏஜென்ட் சொன்னது ஒரே வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் எட்டுப் பேரும் பிழைத்தாலும் பிழைப்பார்கள். சொல்லாவிட்டால் செய்யதலிக்கு நாற்பது முடிந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, மறைக்கவில்லை. அப்போது நெற்றியில் பூசியிருந்த திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியது. கண் எரிந்தது. துடைத்துக்கொண்ட அந்த ஒரு நிமிஷத்தில் மனசு தெளிந்துவிட்டது. அம்மாள் செயல் என்று நான் நம்புகிறேன். நீங்கள் வியர்வை என்று சொன்னாலும் சண்டைக்கு வர மாட்டேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "மேடம், அந்தத் தோட்டம் என்னுடையது. எனக்கும் தோட்டம் இல்லை. வாக்கியம் எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. பொய்யாகிவிடாதா என்று கேட்டவனையும் நான்தான் சொல்ல வைத்தேன். தப்பு என்னுடையது, அவர்கள் வேலை தெரிந்தவர்கள். தயவுசெய்து என் தாளை விட்டுவிட்டு அவர்களைக் கேளுங்கள்."

ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா, ஆஸ்பத்திரியில் இரண்டு துணி மாறிப்போனால் ஒரு நோயாளிக்கு ஆபத்து, தனக்குத் தேவை ஒப்பிக்கிறவர்கள் இல்லை, புரிந்துகொண்டு பதில் சொல்கிறவர்கள் என்றார். வெளியே இருக்கிற ஐந்து பேரிடமும் பேச எனக்கு ஒரு நிமிஷம் கொடுத்தார், அதுவும் வாசல் பக்கம், அவர் கண் முன்னால். அதன் பிறகு நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும், அவர் சொல்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் எட்டு ஃபைலும் மூடப்படும்.

ஒரு நிமிஷத்தில் என்ன சொல்ல முடியும்? இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒரு நிமிஷத்தில் திருப்பி வாங்க வேண்டும்.

"தாள மறந்துருங்க. ரோசா, பேப்பர், எல்லாத்தயும் தூக்கிப் போட்டுருங்க. 'ஐ வாண்ட் டு', 'ஐ லைக் டு', அது வரைக்கும்தான் நான் சொல்லித்தந்தது. அதுக்குப் பின்னால உங்களுக்கு எது உண்மையோ அதச் சொல்லுங்க. தப்பா வந்தாலும் பரவாயில்ல."

மற்ற நாலு பேரும் முழித்தார்கள். செய்யதலி கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தார்.

"சார், ஆறு வாரமா அதத்தான படிச்சேன். அத விட்டா எங்கிட்ட வேற இங்கிலீஷே இல்லியே."

அதற்குள் நிமிஷம் முடிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்ட பெயர் செய்யதலியுடையது.

வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா கேட்டார்: "வாட் டு யூ லைக் டு டூ?" என்ன செய்யப் பிடிக்கும் என்று. நாலாவது வாக்கியத்துக்கான கேள்வி. அவர் வாய் 'ரோ' என்று குவிந்தது. என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கக் கூடாதே, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குவிந்த வாய் மூடிக்கொண்டது. அந்த அம்மா பேனாவை மூடினார். ஃபைலையும் மூடப் போகிறார் என்று நினைத்து மனசுக்குள், கோமதித் தாயே, இந்த மனுஷனுக்கு ஒரு சொல் கொடு என்று கேட்டேன். வேறு எதுவும் என் கையில் இல்லை.

அப்போது செய்யதலியின் கை மேஜைமேல் இருந்தது. மண்டபத்துக்காரர்கள் விரித்த வெள்ளை மேஜைத் துணி. பதற்றத்தில் அதன் ஓரத்தை விரலால் நிமிண்டிக்கொண்டே இருந்தார். நிமிண்டிய விரல் திடீரென்று நின்றது. துணியைக் கொஞ்சம் தூக்கி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறியது. பயந்த முகம் போய், வேலைக்காரன் முகம் வந்துவிட்டது.

"மேடம், திஸ் கிளாத்... ஹாஃப் காட்டன். ஹாஃப் பாலியெஸ்டர்."

பாதி பருத்தி, பாதி பாலியெஸ்டர் என்கிறார். "ஹவ் டு யூ நோ?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஹேண்ட் நோ, மேடம்." விரலைக் காட்டினார். கைக்குத் தெரியும் என்று. பிறகு துணியில் இருந்த மஞ்சள் திட்டைத் தொட்டார். "திஸ் சாம்பார். ஃபர்ஸ்ட் கோல்ட் வாட்டர் டு வாஷ். நாட் டு புட் ஹாட் வாட்டர். ஹாட் வாட்டர் புட், யெல்லோ ஸ்டே. ஆல்வேஸ் ஸ்டே."

முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் விட்டால் மஞ்சள் அங்கேயே நின்றுவிடும் என்கிறார். அந்த அம்மா மூடிய பேனாவைத் திறந்தார். வெள்ளைத் துணியையும் சாயத் துணியையும் எப்படி வைப்பாய் என்று கேட்டார். "ஒயிட் டு கீப் ஒயிட். கலர் டு கீப் செபரேட்." ரத்தக் கறை என்றால்? "நாட் டு மிக்ஸ், மேடம். செபரேட் பேக். ஃபர்ஸ்ட் டு டெல் நர்ஸ்." கேள்வி வரவர அவர் நாற்காலியில் நிமிர்ந்துகொண்டே வந்தார். அந்த 'டு' எல்லாம் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? ஆறு வாரப் படிப்பு வீணாகவில்லை. நான் கொடுத்த வினைச்சொற்களை அவர் உதறிவிட்டார், 'டு'வை மட்டும் வைத்துக்கொண்டு தன் தொழிலை அதற்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

கடைசியாக அந்த அம்மா கேட்டார், இந்த வேலை உனக்கு ஏன் வேண்டும் என்று. செய்யதலி மேஜைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டார்.

"ஐ வாண்ட் டு ஒர்க் வித் கிளாத், மேடம். கிளாத் நோ மீ."

துணிக்கு என்னைத் தெரியும் என்று சொன்னார்.

அந்த அம்மா ஃபைலில் என்னவோ எழுதினார். "கோ ஃபார் மெடிக்கல்" என்றார். செய்யதலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பக்கம் திரும்பி, "சார், எனக்கு என்ன சீக்குன்னு சொல்லுதாவ?" என்று கேட்டார். தேறியவர்களைத்தான் உடம்புச் சோதனைக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இப்பப் பேசுங்க சார். மனுசன் பயந்துட்டாரு பாருங்க."

சுத்தமான நம்ம பக்கத்துத் தமிழ். ஏஜென்ட் கையில் இருந்த டீ சட்டையில் கொட்டியது. அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, சிரிக்காமலே கேட்டார்:

"ஏன் அண்ணாச்சி, இது ரோசாவுக்குப் பேர்போன ஊரா? நான் வள்ளியூர்க்காரி. எங்க ஊருக்கும் இதுக்கும் எம்புட்டு தூரம்?"

ஏஜென்ட், "அது சும்மா ஒரு பேச்சுக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் துடைக்க ஓடிப்போனார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "நீங்களும் அதயே சொல்லியிருந்தீங்கன்னா அப்பவே கெளம்பியிருப்பேன் சார். என்ன சொல்லப்போறீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

செய்யதலிக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டார், எனக்கு ஒன்று போட்டார், காலியாக இருந்த ஏஜென்ட் நாற்காலிக்கும் ஒன்று போட்டுவிட்டு வெளியே போனார். வாசலுக்கு அந்தப் பக்கம் போனதும் எழுந்த சத்தம், மண்டபத்தில் தாலி கட்டும்போதுகூட அப்படிக் கேட்டிருக்காது.

அந்த அம்மா மற்ற நாலு பேரையும் கேட்டு முடித்துவிட்டு, முதல் மூன்று பேரையும் திரும்பவும் கூப்பிட்டார். இந்தத் தடவை முப்பிடாதி, "ஐ லைக் டு ஸ்லீப் ஆன் சண்டே, மேடம்" என்றான். "திங்கக்கெழம?" என்று அவர் தமிழிலேயே கேட்க, "மண்டே ஐ ஹேவ் டு ஒர்க், மேடம்" என்றான். அவர் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். ஊர் எட்டு என்று சொல்கிறது. தேறியது ஏழு பேர். ஒரு பையனுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. அவனை அந்த அம்மாவே தட்டிக்கொடுத்து, இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வா என்று அனுப்பினார். அவன் பிறகு உள்ளூரிலேயே நல்ல கடையில் சேர்ந்துவிட்டான்.

புறப்படும்போது அந்த அம்மா என் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் அன்று நான்தான் மாணவன்.

"சார், தமிழ்ல துவைக்க, மடிக்க, தேய்க்கன்னு சொல்லுதோம்லா? 'எனக்குத் துணி துவைக்கத் தெரியும்'ங்கோம். அந்த 'க்க'வத்தான இங்கிலீஷ்காரன் டுன்னு முன்னால வைக்கான். முதல்ல தமிழ்ல அவங்க வாயாலயே சொல்ல வைங்க. அப்புறம் மாத்திக் கொடுங்க. அவங்களுக்கு நீங்களா ஏன் ஆச வச்சிக் கொடுக்கீங்க?"

நீங்களாக ஏன் ஆசை வைத்துக் கொடுக்கிறீர்கள். அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரி, "நெத்தியில திருநீறு பூசிக்கிட்டா போதுமா, அது கண்ணுல விழுந்தாத்தான் ஒறைக்குது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள். மறுநாள் அந்தத் தாள்களை எல்லாம் எடைக்குப் போட்டேன்.

அதன் பிறகு வகுப்பை நடத்திய விதம் உங்களுக்குத் தெரியும். முதல் நாள் இங்கிலீஷே கிடையாது. ஒவ்வொருவராக எழுந்து, எனக்கு இன்னது செய்யத் தெரியும், இன்னது செய்யப் பிடிக்கும் என்று தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் விடமாட்டார்கள். ஒருவர் கிணறு தூர் வாரத் தெரியும் என்பார், ஒரு பெண் பத்துப் பேர் பந்திக்குத் தனியாகச் சமைக்கத் தெரியும் என்பாள், ஒருவன் நாய்க்கு ஊசி போடத் தெரியும் என்பான். வகுப்பு சிரிப்பில் அதிரும். அதற்குப் பிறகு 'டு'வைக் கொடுத்தால் அது தானாகப் போய் இடத்தில் உட்காரும். 'ஐ லைக் டு வென்ட்' என்று ஒருவன் சொன்னால், "நீ தமிழ்ல போனேன் விரும்புதேன்னா சொல்லுவ?" என்று கேட்பேன். அவனே திருத்திக்கொள்வான். போனில் கேட்டு எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடமும் இதையே செய்து பாருங்கள். போனைக் கோபித்துப் பயன் இல்லை. அந்தப் போன் செய்கிற வேலையை நான் இருபது வருஷம் செய்திருக்கிறேன்.

செய்யதலி வேலையில் சேர்ந்து நாலாவது மாதம் ஒரு படம் அனுப்பினார். வெள்ளைத் துணி அடுக்கு அடுக்காக நிற்க, நடுவில் அவர் நிற்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் என்னோடு போனில் பேசுவார். இங்கிலீஷில் ஆரம்பித்து இரண்டு வாக்கியத்தில் தமிழுக்கு வந்துவிடுவார். அந்தக் குரலைக் கேட்கிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கோமதியம்மாளுக்கு நன்றி சொல்கிறேன். அவர் அவருடைய அல்லாவுக்குச் சொல்கிறார். இருவருக்கும் போதுமான காரணம் இருக்கிறது.

இதை உங்கள் மாணவர்களுக்கும், உங்களுக்குப் பிறகு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது இருக்கிறபடியே சொல்லுங்கள். ஏழு பேரை எட்டாக்க வேண்டாம். என்னை நல்லவனாக்க வேண்டாம், பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விட்டுவிட வேண்டாம். முக்கியமாகச் செய்யதலி பேசியதைத் திருத்திவிடாதீர்கள். இங்கிலீஷ் வாத்தியார்களாகிய நமக்குக் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை என் பேனா அந்த வரிக்குத் திரும்பிப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னது இதுதான்: கிளாத் நோ மீ.